புதிய வகைக் கொதிகலன் பாகங்களைச் செய்ய நம் மாவட்டத்துப் பையன்களைப் பழக்குவது எப்படி?

கோணம் பட்டறைக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் கோணத்தில் பதினாறு ஆண்டுகளாக இரும்புப் பட்டறை நடத்தி வருகிறேன். கூரைச் சட்டம், தண்ணீர்த் தொட்டி, படகுகளுக்கான வின்ச் தாங்கி, முந்திரி ஆலைகளின் நீராவிக் குழாய் என்று வந்த வேலையை எல்லாம் செய்து பழகிய இடம் இது. இப்போது ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஆறு பேர் ஐ.டி.ஐ.யில் வெல்டர் அல்லது ஃபிட்டர் படிப்பை முடித்தவர்கள். இருவர் வளைகுடாவில் குழாய் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள்.

சென்ற மாதம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் ஒப்பந்ததாரர் பட்டறைக்கு வந்திருந்தார். உடன்குடியில் 2 × 660 மெகாவாட் நிலையத்தின் கட்டுமானம் பெருமளவு முடிந்துவிட்டதாகவும், இனி அங்கேயும் தூத்துக்குடியின் பழைய 210 மெகாவாட் அலகுகளிலும் பராமரிப்புக்கு ஆள் தேவைப்படும் என்றும், நாட்டின் பிற பகுதிகளில் புதிதாக எழும் நிலையங்களுக்குப் பாகங்கள் செய்துதரும் பட்டறைகளையும் தேடி வருவதாகவும் சொன்னார். "உங்கள் ஆட்கள் நன்றாகப் பற்றவைக்கிறார்கள். ஆனால் டி91 குழாயைத் தொட்டதுண்டா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

நிலக்கரியைக் குறைவாக எரித்து, புகையையும் குறைத்து, அதே மின்சாரத்தைத் தரும் இந்தப் புதிய வகைக் கருவிகளைச் செய்ய என் பையன்களைப் பயிற்றுவிக்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்க வேண்டும், எவ்வளவு காலம் பிடிக்கும், பயிற்சி முடிந்த மறுநாளே அவர்கள் விமானம் ஏறிவிட்டால் நான் என்ன செய்வது என்ற மூன்றையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தக்கலை ஓய்வாளர்

தம்பி, திருச்சியில் கொதிகலன் வெல்டிங் தரச் சோதனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அந்த ஒப்பந்ததாரர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். டி91 என்ற அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால் உங்கள் பயிற்சித் திட்டத்தில் பாதி தானாக எழுதப்பட்டுவிடும்.

தூத்துக்குடியின் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. அந்த 210 மெகாவாட் வகை அலகுகளில் நீராவி சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தத்திலும் 535 டிகிரி வெப்பத்திலும் சுழலிக்குப் போகிறது. உடன்குடி போன்ற 660 மெகாவாட் அலகுகளில் அழுத்தம் 221 பார் என்ற எல்லையைத் தாண்டுகிறது (ஒரு பார் என்பது ஏறத்தாழ அதே ஒரு கிலோ அழுத்தம்தான்). அந்த எல்லைக்கு மேல் தண்ணீர் கொதிப்பது என்ற பேச்சே இல்லை. தண்ணீருக்கும் நீராவிக்கும் இடையே கோடு கிழிக்க முடியாது என்பதால் அந்தக் கொதிகலனில் நீராவியைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும் பழைய டிரம்மும் கிடையாது. வெப்பமும் 565 முதல் 593 டிகிரி வரை ஏறுகிறது. பழைய அலகு நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு 35 பங்கை ஒட்டி மின்சாரமாக்கினால், புதியது 38, 40 என்று போகிறது. செயல்திறன் ஒரு புள்ளி உயர்ந்தால் கரியமில வாயு நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு குறைகிறது. புகைபோக்கியில் எதையும் மாட்டாமல், குழாயின் வெப்பத்தை உயர்த்துவதாலேயே கிடைக்கும் தூய்மை இது.

ஆனால் அந்த வெப்பத்தில் சாதாரண எஃகு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டு, மெலிந்து, ஒரு நாள் பிளந்துவிடும். அதனால்தான் நூற்றுக்கு 9 பங்கு குரோமியமும் 1 பங்கு மாலிப்டினமும் சிறிது வனேடியமும் சேர்ந்த டி91 வந்தது. பெரிய விட்டக் குழாயாக வரும்போது அதையே பி91 என்கிறோம். இந்த எஃகின் பலம், அதில் கலந்த உலோகத்தைப் போலவே, ஆலையில் அதற்குக் கொடுத்த வெப்பப் பக்குவத்திலும் இருக்கிறது. வெல்டர் மின்வில்லை (ஆர்க்) மூட்டிய அந்த நொடியில் அந்தப் பக்குவம் இணைப்பின் இரு பக்கமும் கெட்டுவிடுகிறது. கெடுத்ததைத் திரும்பக் கொடுக்கத் தெரிந்தவனே இந்த வேலைக்கு ஆள்.

குழாயை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிக்கொண்டுதான் பற்றவைக்க வேண்டும். இடையில் சூடு 300-ஐ ஒட்டிய எல்லையைத் தாண்டவும் கூடாது. இணைப்பின் அடியில் முதலில் விழும் ரூட் பாஸைப் போடும்போது, காற்று தீண்டாமல் காக்க, குழாயின் உள்ளே ஆர்கான் வாயு நிரம்பியிருக்க வேண்டும். அவசரப்பட்டு ஆர்கானை நிறுத்தினால் உட்பக்கம் கருகிய சர்க்கரைப் பாகுபோல் பொரிந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பற்றவைத்து முடித்ததும் நேராக உலைக்குக் கொண்டுபோகக் கூடாது. 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, உலோகத்தின் உள்ளமைப்பு மாறி முடிக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே 760 டிகிரியை ஒட்டிச் சூடேற்றி, மணிக்கணக்கில் நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். கார்பன் எஃகில் பத்து ஆண்டு கைபழகிய வெல்டர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். அவர்கள் கையில் குறை இருக்காது, ஆனால் சும்மா உட்கார்ந்து காத்திருப்பது அவர்களுக்கு வேலையாகவே தோன்றாது.

ஒரு நிலையத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெப்பப் பக்குவம் முடிந்து வந்த வரைபடத் தாளில் கோடு அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் 760-இல் நின்றது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. கடினத்தன்மையை அளந்தால் எண் எல்லைக்கு வெகு மேலே நிற்கிறது. சுற்றியிருந்த கம்பளியைப் பிரித்துப் பார்த்தபோது, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் நுனி குழாயிலிருந்து கழன்று சூடேற்றும் சுருளின் மேல் சாய்ந்து கிடந்தது. கருவி சுருளின் சூட்டைத்தான் மூன்று மணி நேரமாக எழுதிக்கொண்டிருந்தது. குழாய் அந்தச் சூட்டைக் காணவே இல்லை. அந்த நுனியை ஒட்டியவன் உதவியாளராக வந்த பத்தொன்பது வயதுப் பையன். அது ஏன் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எனவே என் யோசனை இது. ஆறு பேரையும் முதல் மூன்று மாதம் கார்பன் எஃகுக் குழாயில் டிக் முறையில் (ஆர்கான் காப்பில் டங்ஸ்டன் முனையால் பற்றவைப்பது) ரூட் போடப் பழக்குங்கள். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்தி வைத்து, வெல்டரே அதைச் சுற்றி வளைந்து செய்யும் 6ஜி நிலைதான் தேர்வு. அடுத்து, சுவரை ஒட்டிக் குழாயைக் கட்டிவைத்து, பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். கொதிகலனுக்குள் குழாய்களுக்கு நடுவே விரல் நுழையும் இடம்தான் இருக்கும் என்பதால் பல இணைப்புகளைக் கண்ணாடியில் பார்த்துத்தான் போட முடியும். முடிதிருத்தும் கடையில் பின்னந்தலை காட்டும் கைக்கண்ணாடி போதும். அதன் பிறகே டி91 துண்டுகள். துண்டு விலை அதிகம், அதனால் அதற்கு முன்பே கை தயாராகியிருக்க வேண்டும்.

உயர் அழுத்த வெல்டராகக் கொதிகலன் துறையின் தேர்வில் தேறினால் கிடைக்கும் சான்று இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஆட்களுக்குச் சான்று கிடைத்துவிட்டதாலேயே உங்கள் பட்டறையில் அழுத்த பாகங்களைச் செய்துவிட முடியாது. கொதிகலன் ஒழுங்குமுறை விதிகளின்படி பட்டறைக்கும் தனி அங்கீகாரம் வேண்டும். அதுவரை உங்கள் பையன்கள் நிலையத்துக்குப் போய் வேலை செய்யலாம். பட்டறை வேறு பாகங்களில் தொடங்கட்டும்.

துவாக்குடியில் இருந்தவன்

ஐயா சொன்ன அந்த "வேறு பாகங்கள்" பற்றி நான் எழுதலாம். துவாக்குடி தொழிற்பேட்டையில் பதினோரு ஆண்டு ஃபேப்ரிகேஷன் வேலை செய்தேன். இப்போது மார்த்தாண்டத்தில் இருக்கிறேன்.

சின்னப் பட்டறைக்குப் பொருத்தமான வாசல், சாம்பல் பிடிக்கும் மின்நிலை வீழ்படிவிப்பான்தான். தளத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஈ.எஸ்.பி. என்றுதான் சொல்வோம். நம் நாட்டு நிலக்கரியில் நூறு கிலோவுக்கு 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் இருக்கிறது. அது முழுவதும் புகையோடு வெளியேறாமல் இருப்பதற்கு, வரிசையாகத் தொங்கும் தகடுகளும் அவற்றுக்கு நடுவே உயர் மின்னழுத்தம் பாயும் கம்பிகளுமே காரணம். 2015 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த வரம்பின்படி, 2017 முதல் வரும் நிலையங்களில் ஒரு கனமீட்டர் புகையில் 30 மில்லிகிராமுக்கு மேல் தூசி இருக்கக் கூடாது. 2003-க்கு முன்பு வந்த நிலையங்களுக்கு அதே வரம்பு 100.

அந்தத் தகடுகளை உருட்டி வளைப்பது பெரிய ஆலைகளின் வேலை. ஆனால் அதன் வெளிக்கூட்டுப் பலகைகள், அடியில் சாம்பல் விழும் கூம்பு, புகை செல்லும் பெரிய டக்ட், அதைத் திறந்து மூடும் டேம்பர்கள், தாங்கும் சட்டங்கள் ஆகியவற்றை உங்கள் பட்டறையில் செய்ய முடியும். இவற்றில் நீராவி அழுத்தம் இல்லை, எனவே ஐயா சொன்ன அந்த அங்கீகாரமும் தேவையில்லை. இதைக் கேட்டுவிட்டு வெறும் தகர வேலைதானே என்று இறங்கிவிடாதீர்கள். டக்ட்டின் மூலையில் ஒரு நூலிழை அளவுக்குப் பற்றவைப்பு விட்டுப்போனால், உள்ளே வெளியை விட அழுத்தம் குறைவு என்பதால், அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்படும். அந்தக் காற்றையும் சேர்த்து இழுக்க மின்விசிறி கூடுதல் மின்சாரம் தின்னும். புகை குளிர்ந்து, அதிலுள்ள அமில ஆவி தகட்டின் மேல் வியர்வைபோல் படிந்து அரிக்கும். கூம்பில் காற்று புகுந்தால், பிடித்து வைத்த சாம்பலே மறுபடி கிளம்பி மேலே போகும். மேலே 760 டிகிரியில் பாடுபட்டு மிச்சப்படுத்திய நிலக்கரியைக் கீழே இந்த ஓட்டை தின்றுவிடும்.

இதற்கு எங்கள் மேஸ்திரி கற்றுத்தந்த சோதனை மிக எளிது. பற்றவைப்புத் தையலின் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி உலரவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவார். கால் மணி நேரத்தில் சுண்ணாம்பில் ஒரு பொட்டு நனைந்தால் அங்கே ஓட்டை. உங்கள் பையன்கள் தாங்கள் போட்ட தையலைத் தாங்களே இப்படிச் சோதித்துப் பார்க்கட்டும். அடுத்தவன் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது ஆழமாக மனதில் பதியும்.

பயிற்சிக்கு வெளியே ஓர் எச்சரிக்கை. ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி இயந்திரம் வாங்காதீர்கள். நான் வேலை செய்த பட்டறையின் முதலாளி கடன் வாங்கித் தகடு வளைக்கும் இயந்திரம் போட்டார். அடுத்த ஆண்டு ஆர்டர் நின்றது, முடித்த வேலைக்கான பணம் பதினான்கு மாதம் கழித்து வந்தது. அந்த இடைவெளியில் அவர் பழக்கிய எட்டு பேரில் ஏழு பேர் போய்விட்டார்கள். ஏழாவதாகப் போனவன் நான்.

முப்பந்தல் காற்று

எல்லோரும் நிலக்கரியே நிலையானது என்ற நினைப்பில் எழுதுவதுபோல் தெரிகிறது. ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி முப்பந்தலுக்கு வந்து நின்று பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காற்றாலைகள். நான் அவற்றின் பராமரிப்பில் இருக்கிறேன். இளைஞர்களை இன்னும் இருபது ஆண்டில் மூடப்படலாம் என்கிற ஒரு தொழிலில் கொண்டுபோய் நிறுத்துவது சரியா? புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் அமைப்புகளை எல்லா நிலையங்களிலும் கட்டாயம் நிறுவ வேண்டும் என்று 2015-இல் சொன்னார்கள். அதை நம்பிப் பல பட்டறைகள் ஆள் சேர்த்தன. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்துவிட்டார்கள். அரசாணை ஒன்று மாறினால் மறையும் வேலைக்குப் பயிற்சி எதற்கு?

தக்கலை ஓய்வாளர்

கந்தக நீக்கி பற்றித் தாங்கள் சொன்னது உண்மை. அதை மட்டும் நம்பிப் பயிற்சி தொடங்க வேண்டாம் என்று நானும் சொல்வேன். ஆனால் 2031-32-க்குள் குறைந்தது 80 ஜிகாவாட் அனல்மின் திறனைக் கூட்ட வேண்டும் என்பது ஒன்றிய அரசின் திட்டமாக இருக்கும்வரை, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கொதிகலன்கள் கட்டப்படத்தான் போகின்றன. கட்டப்படுபவை நன்றாகக் கட்டப்பட வேண்டும் என்பதே என் நிலை. ஒரு குழாயில் ஊசிமுனை அளவுக் கசிவு வந்தாலும் அலகு முழுவதையும் நிறுத்தி, ஆறவைத்து, அடைத்து, மறுபடி எண்ணெய் ஊற்றி எரியவிட்டுக் கொளுத்த வேண்டும். அந்த ஒரு நிறுத்தத்தில் வீணாகும் எரிபொருளுக்கும் புகைக்கும் யாரும் தனிக் கணக்கு எழுதுவதில்லை.

மேலும், ஆர்கான் நிரப்பிக் குழாயின் உட்பக்கம் கருகாமல் ரூட் போடத் தெரிந்தவனுக்கு நிலக்கரி மட்டுமே கதி என்று இல்லை. துருப்பிடிக்காத எஃகுக் குழாய் எங்கே இருக்கிறதோ, அது பால் பண்ணையானாலும் சுத்திகரிப்பு ஆலையானாலும் அணுமின் நிலையமானாலும், அதே கைதான் வேண்டும். உங்கள் காற்றாலைக் கோபுரத்தின் தடித்த தகட்டு இணைப்புக்கும் சூட்டைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவன் வேண்டும் என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

குழித்துறை டீச்சர்

தொழிற்பயிற்சி ஆசிரியை என்ற முறையில் இரண்டொன்று சேர்க்கிறேன். எங்களிடம் வெல்டர் படிப்பு ஓராண்டு, ஃபிட்டர் படிப்பு இரண்டாண்டு. அந்த ஓராண்டில் மாணவர் மின்வில்லைப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார். பி91 குழாயைப் பாடப் படத்தில் பார்த்ததோடு சரி. எனவே உண்மையான பயிற்சி பட்டறையில்தான் நடக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி உங்கள் பட்டறையிலும் பழகுநர்களை முறையாகப் பதிவு செய்து, உதவித்தொகையோடு வைத்துக்கொள்ளலாம். காலமும் உதவித்தொகையும் எழுத்தில் இருந்தால் பாதியில் விட்டுப் போவது குறைகிறது என்பது என் அனுபவம்.

இன்னொன்று, எழுதும் பழக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். அப்படியிருந்தும் பட்டறையில் யாரும் ஒரு நோட்டு வைத்துக்கொள்வதில்லை. எந்த ராடு (பற்றவைக்கும் குச்சி), எந்தக் கட்டு, எத்தனை மணிக்கு அதை உலர்த்தும் உலையிலிருந்து எடுத்தது, எந்த இணைப்பு எண், போட்டவர் யார் என்று ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு தாளை நாள்தோறும் நிரப்பச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும். ஐயா சொன்ன பத்தொன்பது வயதுப் பையன் "நுனி எங்கே ஒட்டப்பட்டது" என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தால் ஒருமுறை குனிந்து பார்த்திருப்பான்.

ஆறு பேரையும் வெல்டராக்க வேண்டாம். ஒருவரையாவது சோதனைப் பணிக்கு, அதாவது மீயொலிச் சோதனை, ரேடியோகிராபி (இணைப்பின் உட்பக்கத்தைக் கதிரால் எடுத்த) படம் பார்த்தல் ஆகியவற்றுக்கு அனுப்புங்கள். திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றுக்கெல்லாம் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. அந்த இடத்துக்கு ஒரு பெண்ணையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். என்னிடம் படித்த பெண்களில் ரேடியோகிராபி படத்தில் நுண்துளையைச் சட்டென்று காட்டுபவர்கள் உண்டு. ஆனால் வெல்டர் என்று சொன்னாலே வீட்டில் தடுத்துவிடுகிறார்கள்.

கோணம் பட்டறைக்காரன்

ஐயா, டீச்சர், மற்ற நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. வெட்கமாக இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான்கு ஆண்டுக்கு முன் ஓர் ஆலையின் நீராவிக் குழாயில் நாங்கள் போட்ட பதினெட்டு இணைப்புகளை ரேடியோகிராபி எடுத்தபோது, பதினொன்றில் நுண்துளைகள் இருந்தன. ஜூன் மாதம், விடாத மழை. ராடு கட்டைப் பிரித்து மேசைமேல் வைத்து இரண்டு நாள் வேலை செய்திருந்தோம். நான் அப்போது வெல்டரைத் திட்டினேன்; ஈரம் குடித்த ராட்டைத் திட்டியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பதினொன்றையும் வெட்டியெடுத்து எங்கள் செலவில் திரும்பப் போட்டோம்.

இப்போது இப்படி முடிவு செய்திருக்கிறேன். டக்ட், கூம்பு வேலைகளைப் பட்டறையில் எடுத்துக்கொள்கிறோம். நான்கு பேர் டிக் பழகுகிறார்கள். வளைகுடாவிலிருந்து வந்தவர்களில் மூத்தவர் அவர்களுக்குச் சொல்லித்தர ஒப்புக்கொண்டார்; அவருக்கு அதற்குத் தனிச் சம்பளம். தன் கையிலுள்ள தொழிலைச் சும்மா கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு தன் இடத்தை இழக்க அவர் விரும்பவில்லை, அது நியாயமும்கூட. ஒருவரைத் திருச்சிக்கு அனுப்புகிறேன். விமானம் ஏறுவதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. பழகுநர் ஒப்பந்தம் முடியும்வரை இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம்: ராடு உலர்த்தும் உலை புதிதாக வாங்க வேண்டுமா? பழையது ஒன்று விலைக்கு வருகிறது.

தக்கலை ஓய்வாளர்

பழையதே போதும். ஆனால் அதன் முகப்பில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். உள்ளே தனியாக ஒரு தெர்மோகப்பிளை விட்டு, மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு மூன்றிலும் அளந்து பாருங்கள். குறைந்த ஹைட்ரஜன் ராட்டை 350 டிகிரியை ஒட்டி இரண்டு மணி நேரம் சுட்டு, அதன் பிறகு 120 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். வெல்டர் தோளில் மாட்டிச் செல்லும் சின்ன உலையும் ஆளுக்கு ஒன்று தேவை. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. திருச்சிக்காரர்கள் ஒருமுறை கவலைப்பட்டால் நாம் இருமுறை கவலைப்பட வேண்டும். வியாழக்கிழமை நாகர்கோவில் வருகிறேன். உலையை வாங்குவதற்கு முன் சொல்லுங்கள், அளவு கருவியோடு நானே வந்து பார்க்கிறேன்.